999 வருடக் குத்தகை

கேள்வி: நியூசிலாந்தில் 'மெக்கென்சி நாடு' என்றொரு பகுதி இருக்கிறதே, பெரிய பண்ணைகளை உடைத்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்த அமைச்சர் மெக்கென்சியின் பெயரா அது?

பதில்: இல்லை, 1855-ல் ஆட்டு மந்தையைத் திருடியதாகப் பிடிபட்ட ஜேம்ஸ் மெக்கென்சியின் பெயர். அமைச்சர் ஜான் மெக்கென்சிக்குக் கிடைத்தது பாமர்ஸ்டன் ஊர்ப்பக்கம் ஒரு குன்றின் மேல் கல் கோபுரம்தான்.

இவர் 1839-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். 1845-ல், ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று கிளென்கால்வி பள்ளத்தாக்கு ஜனங்களைக் காலி செய்ய வைத்தார்கள். போக்கிடமில்லாமல் அவர்கள் குரோயிக் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் கூடாரம் போட்டுக் கிடந்ததைச் சின்னப் பையனாக மெக்கென்சி பார்த்திருக்கிறார். அவர்கள் ஜன்னல் கண்ணாடியில் கீறிய எழுத்துகள் இன்றும் அங்கே இருக்கின்றன. பேசியது கேலிக் மொழி, கீறியதோ ஆங்கிலத்தில். யார் படிக்க வேண்டுமென்று நினைத்தார்களோ!

1860-ல் நியூசிலாந்தின் ஒடாகோ பகுதிக்கு வந்து மேய்ப்பராக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் சொந்தப் பண்ணை, 1881-ல் நாடாளுமன்றம், 1891-ல் நிலத்துறை அமைச்சர். 1893-ல் தெற்குத் தீவில் சுமார் 84,000 ஏக்கர் செவியட் பண்ணையை அரசு வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. செவியட் என்பது ஸ்காட்லாந்தில் ஜனங்களை விரட்டிவிட்டுக் கொண்டுவந்த ஆட்டினத்தின் பெயரும்கூட!

கேள்வி: நிலத்தை விற்காமல் 999 வருடக் குத்தகைக்குக் கொடுத்தாராமே, இது என்ன கணக்கு?

பதில்: விற்றால் பணக்காரர்கள் மறுபடி வளைத்துப் போடுவார்கள் என்ற பயம். 1892 சட்டப்படி வருட வாடகை நிலமதிப்பில் 4 சதவீதம், அதாவது 100 பவுண்டு மதிப்புள்ள நிலத்துக்கு 4 பவுண்டு, அதுவும் கடைசிவரை ஏறாது. கையிலிருக்கும் காசை நிலத்துக்குக் கொட்டாமல் வேலிக்கும் மாட்டுக்கும் போடலாம் என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் குத்தகைக்காரர்களே கொஞ்ச நாளில் 'பட்டா கொடு' என்று கேட்க ஆரம்பித்தார்கள், 1907-க்குப் பிறகு இந்தக் குத்தகை புதிதாக யாருக்கும் கிடையாது.

கேள்வி: அப்படியானால் அவரை ஏழைப் பங்காளர் என்று சொல்லலாமா?

பதில்: வெள்ளைக்கார ஏழைக்கு, சரி. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளிடம் போய் அதைச் சொல்ல முடியாது. பிரித்துக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி பண்ணையாரிடமிருந்து வந்ததல்ல, மவோரிகளிடமிருந்து வாங்கியது. 1891 முதல் 1911 வரை சுமார் 31 லட்சம் ஏக்கர். 1894-ல் அவர்கள் தனியாருக்கு விற்க முடியாதபடி சட்டம் வந்தது, வாங்குகிறவர் அரசு மட்டும்தான் என்றால் விலையை யார் வைப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் பார்த்ததை அவர் மறக்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஞாபகம் மவோரிப் பக்கம் மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.