நோம்பிக்கு அவனைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். பிளஸ் டூவில் நல்ல மார்க். இப்போது எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் பிசியாலஜி பாடம் போய்விட்டது. டியூஷன் வைக்கலாமா, படிப்பையே மாற்றிவிடலாமா? ஒரம்பரை சொந்தபந்தங்கள் கேட்பார்கள் என்று ஊர்க் கோயில் நோம்பிக்கும் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பை மாற்ற வேண்டாம். முதல் வருடப் பரீட்சைக்கு 4 வாய்ப்புகள் உண்டு. சப்ளிமெண்டரியில் தேறிவிட்டால் தன் பேட்சோடேயே போய்விடலாம். டியூஷன் உங்கள் விருப்பம்.

உங்கள் கடைசி வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஊரே கம்பத்தைச் சுற்றி ஆடும்போது, பெற்ற பிள்ளையை ஹாஸ்டலிலேயே கிட என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

என் பெரியம்மா மகனுக்கும் இதுதான் நடந்தது. உடலமைப்பைப் படிக்கும் அனாட்டமியில் ஃபெயிலானதும், சொந்த அக்கா கல்யாணத்துக்கே அவனை வரவிடவில்லை. வீட்டில் மறைக்கச் சொன்னதைக் கல்லூரியிலும் மறைக்க ஆரம்பித்தான். டிசெக்‌ஷன் மேசையில் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வான். சந்தேகம் கேட்டால் மக்கு என்று நினைப்பார்களாம். கடைசியில் ஒரு சீனியர்தான் அறைக்கு வந்து, தொடை எலும்பைக் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். உருண்டைத் தலை உள்பக்கம் பார்க்க வேண்டும், நெடுக ஓடும் மேடு பின்பக்கம் வர வேண்டும். அப்படியென்றால் இது வலதா, இடதா? தப்பாகச் சொன்னான். மறுபடி கொடுத்தார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வும் இதுதானே? எதிரே இருப்பவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். உங்கள் மகன் பள்ளிக்கூடம் தினமும் டெஸ்ட் வைத்து வளர்த்த பையன். இங்கே அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன, தினமும் டெஸ்ட் வைக்க ஆளில்லை. ராத்திரியெல்லாம் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருப்பான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. சரி, மூடிவைத்துச் சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் தப்பாகச் சொல்லக் கூச்சம் இருக்கக் கூடாது. அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரியம்மா மகன் தேறினான், டாக்டராகவும் ஆகிவிட்டான். ஆனால் ஊர் விசேஷம் ஒன்றுக்கும் வருவதில்லை. போன வாரம்கூடப் பெரியம்மா போனில் இதைச் சொல்லித்தான் அழுதார்.

நோம்பிக்கு முன்னால் நீங்களே போய் அவனைக் கூட்டி வாருங்கள். அவன் அம்மாவைப் பெற்ற அம்மிச்சிக்கு முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் யார் கேட்டாலும், "பிசியாலஜி போயிருச்சுங்க, மறுபடி எழுதறான்" என்று அவன் காதுபட நீங்களே சொல்லுங்கள்.