மாட்டுக்குப் பட்டி, வாழைக்குக் குலை: ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 8 ஆம் தரத்தில் படிக்கும் அவருடைய மகளுக்கு, மாலை வகுப்பில் ஆங்கிலக் கூட்டப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, முழுவதையும் மனப்பாடம் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். காகக் கூட்டத்துக்கு 'மேர்டர்', அதாவது கொலை என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை திகைத்துவிட்டாள். அதே வாரம் கட்டுரையொன்றில், குளக்கட்டில் மேயும் மாட்டுப் பட்டிக்கு 'டீம்' என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். "இவற்றில் எதைப் படித்தால் போதும்? பின்னால் வரும் வினைச்சொல் ஒருமையா, பன்மையா?" என்று தாய் கேட்கிறார்.

மகள் எழுதியது பிழைதான். ஆனாலும் 'டீம்' என்ற சொல் மாட்டுக்கு அந்நியமானதன்று. ஒரே வண்டியிலோ கலப்பையிலோ சேர்த்துப் பூட்டிய எருதுகளை ஆங்கிலேயர் 'டீம்' என்றே சொல்லுவர்; விளையாட்டு அணிக்கு அந்தச் சொல் வந்ததும் இந்தச் சேர்ந்து இழுக்கும் பொருளிலிருந்துதான். மேய்ச்சலில் நிற்கும் மாடுகள் எதையும் சேர்ந்து இழுக்கவில்லையாதலால் அவற்றுக்கு 'ஹேர்ட்' என்ற சொல்லே பொருந்தும். கூட்டப் பெயர் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை, கூடியிருப்பவை எவ்வாறு கூடியிருக்கின்றன என்பதையும் சொல்லுகிறது என்பதை மகளுக்கு முதலில் விளக்குங்கள்.

இந்த வேறுபாட்டை அவள் ஏற்கெனவே தமிழில் அறிவாள். வன்னியில் எவரும் மாட்டுக் குலை என்றோ வாழைப் பட்டி என்றோ சொல்வதில்லை. மரத்தில் தொங்குவது குலை, அதிலிருந்து வெட்டி எடுப்பது சீப்பு. வாழைத் தோட்டத்து ஆங்கிலத்திலும் இதே பிரிவு உண்டு: குலை 'பஞ்ச்', சீப்பு 'ஹேண்ட்', தனிப்பழம் 'ஃபிங்கர்'. கடையில் வாங்குகிறவர்கள் சீப்பையும் 'பஞ்ச்' என்றே சொல்வதால், பள்ளிக் கட்டுரைக்கு அந்த ஒரு சொல் போதும். அறுவடையில் கட்டிவைக்கும் கதிர்க்கட்டு 'ஷீஃப்'. கட்டுகளை அடுக்கி வைக்கும் சூடு 'ஸ்டாக்'. தலையில் சுமந்து வரும் விறகுக்கட்டு 'பண்டில்'. பனங்கூடலைக் காடு என்று மொழிபெயர்க்கும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதற்குரிய சொல் 'கிறோவ்'.

உயிரினங்களுக்கும் இப்படியே. மாடு, எருமை, யானை, மான் ஆகியவற்றுக்கு 'ஹேர்ட்'. பறவைகளுக்கும் செம்மறிக்கும் 'ஃபிளொக்'. வெள்ளாட்டுக்கு இரண்டுமே வழக்கில் இருப்பதால் எதை எழுதினாலும் பிழையில்லை. தெருவில் திரியும் நாய்க்கூட்டம் 'பாக்'. ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகள் 'லிற்றர்'. ஒரு கோழியின் குஞ்சுகள் 'புரூட்'. தேனீக்கள் மரப்பொந்தில் குடியிருக்கும்போது 'கொலனி'. அவை திரண்டு பறந்து செல்லும்போதோ கிளையில் கொத்தாகத் தொங்கும்போதோ 'சுவார்ம்'. எறும்பு வரிசை பிடித்துப் போவதை நாம் சாரை என்கிறோமே, அதற்கு 'கொலம்' நன்றாகப் பொருந்தும். முல்லைத்தீவுக் கடலில் வலைக்குள் அகப்படும் மீன் கூட்டத்துக்கு 'ஷோல்' என்றும் 'ஸ்கூல்' என்றும் எழுதலாம். இந்த 'ஸ்கூல்' பள்ளிக்கூடமன்று. கூட்டம் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது, 'ஷோல்' என்பதற்கு உறவுச் சொல். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மறக்கமாட்டாள்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் சொல்லைத் தேர்வதில் இல்லை, அதற்கு அடுத்த பெயர்ச்சொல்லில் இருக்கிறது. மாட்டுப் பட்டி, யானைக் கூட்டம், வாழைக்குலை என்று தமிழில் முன்சொல் ஒருமையில் நிற்கும். மாடுகள் பட்டி என்று நாம் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் 'எ ஹேர்ட் ஒஃப் கவ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் அங்கே பன்மையைக் கேட்கிறது: 'எ ஹேர்ட் ஒஃப் கவ்ஸ்'. மான், செம்மறி, மீன் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் பன்மையிலும் மாறாதவை என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. எண்ண முடியாத மணலுக்கும் பன்மை வராது: 'எ ஹீப் ஒஃப் சாண்ட்'. நான் திருத்தும் கட்டுரைகளில் சிவப்பு மை அதிகம் செலவாவது இந்த ஓர் எழுத்துக்குத்தான்.

மனிதரைக் குறிக்கும் சொற்களில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். குளத்து அணைக்கட்டில் சிரமதானம் செய்த இளைஞர்களைப் பாராட்டி எழுதப்பட்ட கடிதம் ஒன்று ஒருமுறை என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதில் அந்தப் பிள்ளைகளைக் 'கேங்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். கூலிவேலைக் குழுக்களுக்கு அந்தச் சொல் முன்பு இயல்பாக வழங்கியது உண்மை. ஆனால் இன்று இளைஞரோடு சேர்ந்து வந்தால், வாசிப்பவர் மனத்தில் அடிதடிக் கும்பலே தோன்றும். 'குறூப்' என்று மாற்றினேன். 'மொப்' என்பதும் வெகுண்ட கும்பலுக்குரியது. கோயில் வீதியில் திரண்ட சனத்துக்குக் 'கிறவுட்', தேவாலய வழிபாட்டில் கூடியிருப்போருக்குக் 'கொங்கிறிகேஷன்', நாடகம் பார்ப்போருக்கு 'ஓடியன்ஸ்', படகில் தொழிலுக்குப் போவோருக்குக் 'குறூ' என்று எழுதலாம்.

காகத்துக்கு வருகிறேன். 15 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வேட்டையாடும் உயர்குடியினர் ஒவ்வொரு விலங்குக்கும் பறவைக்கும் தனித்தனிக் கூட்டப் பெயர் சொல்வதைப் பண்பாட்டின் அடையாளமாகக் கருதினர். 1486 இல் அச்சான 'செயின்ட் ஓல்பன்ஸ் நூல்' அத்தகைய நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்தது. நீதிபதிகளின் கூட்டத்துக்குத் 'தீர்ப்பு' என்றுகூட அதில் பெயர் உண்டு. சிங்கக் கூட்டத்துக்குரிய 'பிறைட்' போன்ற சில நிலைத்துவிட்டன. மற்றவற்றிற் பல ஏட்டிலேயே தங்கிவிட்டன. 'மேர்டர்' என்பதை ஆங்கிலேயர் சுவைக்காகச் சொல்வார்களேயன்றி, பறவைகளைப் பற்றி ஆய்வு எழுதுவோர் 'ஃபிளொக்' என்றே எழுதுவர். வகுப்புத் தேர்வில் கேட்டால் பழஞ்சொல்லை எழுதட்டும், கட்டுரையில் வேண்டாம். அன்றாடம் கண்ணில் படுபவற்றுக்குரிய முப்பது சொற்களைப் பிழையின்றி ஆளப் பழகுவதே அவளுடைய வயதுக்குப் போதும் என்பது என் கருத்து.

இனி வினைச்சொல். கூட்டத்தை ஒரே பொருளாகக் கருதினால் 'இஸ்', உறுப்பினரைத் தனித்தனியாகக் கருதினால் 'ஆர்'. நாம் பின்பற்றும் பிரித்தானிய ஆங்கிலத்தில் அணி, குடும்பம், குழு ஆகியவற்றுக்கு இரண்டும் ஏற்புடையவை. அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையே எழுதுவர். ஒரே பந்தியில் இரண்டையும் கலக்காமலிருக்க வேண்டும். 'பொலிஸ்', 'கற்றில்', 'பீப்பிள்' ஆகிய மூன்றும், மக்கள் வந்தனர் என்பதுபோல, எப்போதும் 'ஆர்' என்றே முடியும். 'எ நம்பர் ஒஃப் ஸ்ரூடன்ஸ்' என்றால் மாணவர் பலர், எனவே 'ஆர்'. அதே தொடர் 'த நம்பர்' என்று தொடங்கினால் பேசப்படுவது எண்ணிக்கை, எனவே 'இஸ்'.