ஓடை வளைந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: இந்தியத் தட்டு வடக்கே முட்டினால் மலைதானே எழும்ப வேண்டும்? திபெத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் அல்டின் தாக் பிளவு (நிலம் உடைந்து இருபுறமும் நகரும் கோடு) ஏன் பக்கவாட்டில் நகர்கிறது? கூகுள் எர்த்தில் ஓடை வளைவை அளந்து வேகத்தைக் கணக்கிடலாமா?

முட்டுகிற வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. அத்தனையும் மேலே எழுவதில் செலவாவதில்லை. ஒரு பங்கு திபெத்தைக் கிழக்கே பிதுக்கித் தள்ளுகிறது. பிளவுக்கு வடக்கே உள்ள தாரிம் படுகையில் நின்று பிளவுக்கு எதிர்ப்புறம் பாருங்கள்: திபெத் உங்கள் இடப்பக்கம் போகும். அதனால் இது இடப்பக்க நகர்வுப் பிளவு. அக்கரையில் நின்று பார்த்தாலும் எதிர்ப்புறம் இடப்பக்கம்தான் போகும்.

பிளவைக் கடக்கும் ஓடை, நிலம் நகர நகர வளையும். ஆனால் ஒற்றை ஓடையை நம்பாதீர்கள். குறுக்கே ஒரு மேடு இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கமும் திரும்பும். வரிசையாகப் பத்து ஓடைகளாவது ஒரே பக்கம் விலக வேண்டும். பெரிய, பழைய ஓடைகள் கூடுதலாக விலகியிருக்க வேண்டும். பாறை அடுக்கு இன்னும் ஏமாற்றும். சாய்ந்த அடுக்கைப் பிளவு மேலே தூக்கி, பிறகு மண் அரித்துப்போனால், பக்கவாட்டில் நகர்ந்தது போலவே வரைபடத்தில் தெரியும். பிளவு முகத்தில் உராய்வுக் கோடுகள் கிடைமட்டமாக இருக்கின்றனவா என்று நேரில் பார்த்தால்தான் தெளியும். அளவை நேரான பகுதியில் எடுங்கள். வளைவுகளில் நகர்வின் ஒரு பங்கு மலையாகவோ பள்ளமாகவோ போய்விடும்.

நீளத்தை அளப்பது சுலபம். வயதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஆற்றோரம் மேல் மேடை, கீழ் மேடை (ஆறு விட்டுப்போன தட்டையான படிகள்), நடுவே ஒரு சரிவு என்று வையுங்கள். மேடையின் வயது என்பது ஆறு அதை விட்டுப்போய் எத்தனை ஆண்டு என்பது. சரிவு 60 மீட்டர் விலகியிருக்கிறது. மேல் மேடைக்கு வயது 6,000 ஆண்டு, கீழ் மேடைக்கு 3,000 (கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தாம்). ஆறு கீழ் மேடையில் ஓடிய காலமெல்லாம் சரிவின் அடியை அரித்து, அதுவரையிலான விலகலைத் துடைத்திருந்தால் 3,000ஆல் வகுக்க வேண்டும்: ஆண்டுக்கு 20 மி.மீ. துடைக்கவே இல்லையென்றால் 6,000. விடை 10 மி.மீ. பாதி துடைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில்.

அல்டின் தாக்கில் நடந்த சண்டையே இதுதான். கீழ் மேடை வயதை எடுத்தவர்களுக்கு 20 மி.மீ.க்கு மேல் வந்தது, ஜி.பி.எஸ். காட்டுவதோ சுமார் 10. ஆகவே இரண்டு மேடைகளின் வயதையும் எடுங்கள், வேகத்தை ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுதுங்கள். கரித்துண்டு கிடைத்தால் கார்பன்-14, சுமார் 50,000 ஆண்டு வரை. அந்த வறண்ட நிலத்தில் கரி அரிது. மேடைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கற்களில் பெரிலியம்-10 பார்ப்பார்கள்; விண்வெளிக் கதிர் படப்பட, கல் வெளியே கிடக்கும் காலத்துக்கேற்பச் சேரும் அணு இது. ஏற்கெனவே வெளியே கிடந்து, மேலேயிருந்து உருண்டு வந்த கல் ஒன்று கலந்தாலும் வயது கூடிவிடும் என்பதால் ஒரு மேடைக்குப் பல கற்கள் வேண்டும்.