‘குளவி’யைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சுழல் ஆயுத ரோபோ, கேள்வியும் பதிலும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பக்கத்தில் எங்கள் சண்டை ரோபோவை ஓட்டிக் காட்டியதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத எனக்கு நேரமில்லை, அதனால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் ஃபிட்டர். ரோபோ என் மருமகனும் நானும் சேர்ந்து செய்தது. பெயர் ‘குளவி’. மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை. எடை 1.36 கிலோ, அதாவது மூன்று இறாத்தல் பிரிவு. இரண்டு சக்கரம். முன்னால் நிமிர்ந்து சுற்றும் ஓர் இரும்புப் பட்டை: 15 சென்றிமீற்றர் நீளம், 250 கிராம், நிமிடத்துக்கு 6000 சுற்று.

அண்ணே, அந்தச் சின்னப் பட்டை அப்படி என்ன செய்துவிடும்? (தலவாக்கலை)

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அந்த வேகத்தில் பட்டையின் நுனி மணிக்கு சுமார் 170 கிலோமீற்றரில் ஓடுகிறது. அதில் சேர்ந்திருக்கும் சக்தி கிட்டத்தட்ட 92 ஜூல். ஒரு கிலோ சீனிப் பையை மூன்றாம் மாடியிலிருந்து காலில் போட்டால் எப்படி இருக்கும்? அந்த அடி, ஒரு விரல் நுனி அளவு இடத்தில். இன்னொன்று: வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி நான்கு மடங்காகும். அதனால் “இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்” என்று சொல்பவரிடம் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் 12,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் எல்லாரையும் வெல்லலாமே? (பண்டாரவளை)

இல்லை. ஆயுதம் எதிரியைக் கடிக்க வேண்டும். இரண்டு பல் உள்ள பட்டை விநாடிக்கு 100 தரம் சுற்றினால், ஒவ்வொரு 5 மில்லி விநாடிக்கும் ஒரு பல் வருகிறது. ரோபோ விநாடிக்கு 2 மீற்றரில் முன்னே போனால், அந்த இடைவெளியில் எதிரி 1 சென்றிமீற்றர் உள்ளே வந்திருப்பான். பல் பிடிக்க அவ்வளவுதான் கிடைக்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதுவும் 5 மில்லிமீற்றராகிவிடும். பிறகு அடி விழாது, சாணைக்கல் மாதிரி உரசிக்கொண்டு பொறி மட்டும் பறக்கும். பார்க்க அழகாக இருக்கும். இதற்காகவே சிலர் ஒற்றைப் பல் வைத்து, மறுபக்கம் எடையால் சரிக்கட்டுகிறார்கள்.

கவ்வாத்துக் கத்தியை வெட்டி ஆயுதமாக்கலாமா? நல்ல இரும்புதானே? (மஸ்கெலியா)

இரும்பு நல்லதுதான், வடிவம்தான் தவறு. இந்த ஆயுதம் வெட்டுவதில்லை, அடிக்கிறது. மெல்லிய கூர்விளிம்பு முதல் அடியிலேயே தெறித்து, எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. முனை தடிப்பாக, மொட்டையாக இருக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது பழைய லொறி ஸ்பிரிங் பட்டை. அதை அப்படியே துளைக்கப் போனால் துளையூசிதான் தேயும். சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டோம். மறுநாள் வெண்ணெய் மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் துளைத்தது. பிறகு மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்கினோம். இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெயில் இறங்கிய இரும்பு கண்ணாடி மாதிரி, விழுந்தாலே உடையும். மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கி, மெதுவாகச் சூடேற்றினால் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வரும். முழுவதும் நீலமானதும் எடுத்துவிட்டோம். கொஞ்சம் கடினம் குறைந்தாலும் பரவாயில்லை, வளைந்தால் நிமிர்த்தலாம். உடைந்தால் தேட வேண்டும், அதுவும் யாருடைய உடம்பில் என்று.

பட்டையைச் சமநிலைப்படுத்துவது அவ்வளவு முக்கியமா? (பதுளை)

ஆம். ஒரு நுனியில் ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தாலும், 6000 சுற்றில் அது 3 கிலோ எடையின் இழுப்பாக மாறி, விநாடிக்கு நூறு தரம் பெயாரிங்கை உலுக்கும். இரண்டு சவர அலகுகளை மட்டமாக நிறுத்தி, அவற்றின் மேல் ஷாஃப்டோடு பட்டையை வையுங்கள். எந்தப் பக்கம் கீழே தொங்குகிறதோ அந்தப் பக்கம் அரத்தால் கொஞ்சம். மறுபடி வையுங்கள். ஒரு பின்னேரம் முழுக்கப் போகும், பொறுமை வேண்டும்.

ஆயுதம் சுற்றும்போது ரோபோ திரும்பினால் ஒரு பக்கம் தூக்குகிறதே, ஏன்? (கண்டி)

பம்பரக் குணம். சுற்றுகிற பொருள் தன் அச்சைத் திருப்ப விடாது. திருப்பினால் குறுக்கே தள்ளும். ‘குளவி’யின் சக்கரங்களுக்கு இடையில் 16 சென்றிமீற்றர். விநாடிக்கு அரைச் சுற்று திரும்பினால் தரையில் நிற்கும், முழுச் சுற்று திரும்பினால் ஒரு சக்கரம் எழும்பிவிடும். சக்கரங்களை அகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பப் பழகுங்கள். என் மருமகனுக்கு இரண்டாவது இன்னும் வரவில்லை.

சோதித்துப் பார்க்கப் பழைய தேயிலைப் பெட்டி போதுமா? (நோர்வூட்)

போதாது, போதவே போதாது. அந்தப் பெட்டியின் பலகை மெல்லியது, ஒரு துண்டு கழன்றால் கடதாசி மாதிரி துளைத்துப் போகும். நாங்கள் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை இரட்டையாக அடித்து, வெளியே மண்மூட்டை அடுக்கினோம். மேலேயும் மூடி உண்டு. பார்க்க ஜன்னல் வைப்பதானால் பொலிகாபனேட் மட்டும். கடையில் அதே மாதிரி மின்னும் அக்ரிலிக் தகட்டைக் காட்டுவார்கள், அது அடிபட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நாங்கள் ஜன்னலே வைக்கவில்லை. உள்ளே பழைய போன் ஒன்றை வைத்துப் படம் எடுத்து, பிறகு பார்க்கிறோம். பட்டை சுற்றும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, கழன்றது அந்தத் தளத்தில்தான் பறக்கும்.

1995இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த போட்டியில் ‘பிளெண்டோ’ என்றொரு ரோபோ வந்தது. தாச்சியைக் கவிழ்த்துப் புல்வெட்டி இயந்திரத்தால் சுற்ற விட்டிருந்தார்கள். எதிரியின் துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறக்கவே, வெற்றியில் பங்கைக் கொடுத்து, இனிப் போட்டியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

ரிமோட்டை நிறுத்தினால் ஆயுதமும் நின்றுவிடும்தானே? (ஹட்டன்)

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது சோதனை. பெட்டி விறகுக் கொட்டிலில், நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம். ஆயுதத்தை அரை வேகத்துக்குக் கொண்டுவந்தோம். ரிமோட் கொஞ்ச நேரமாகவே பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது, காதில் வாங்கவில்லை. திடீரென்று அதன் விளக்கு அணைந்தது. உள்ளே இருந்த நாலு பென்டோர்ச் பெட்டரியும் போய்விட்டன. ஆயுதம் நிற்கவில்லை. ரோபோவுக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு நின்றது: அரை வேகம். பெட்டியைத் திறக்க முடியாது, வெளியே ஆளியும் வைக்கவில்லை. மருமகன் கடைக்கு ஓடினான். அவன் ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்து சேரும்வரை நான் அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

அதனால்: சிக்னல் அறுந்தால் ஆயுதம் பூச்சியத்துக்குப் போக வேண்டும் என்று ரிசீவரில் முதலிலேயே அமைத்துவிடுங்கள். அமைத்தாயிற்று என்று நம்பாமல், பட்டையைக் கழற்றிவிட்டு, மோட்டரை மட்டும் ஓட்டி, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். பெட்டரி வயரில் வெளியே இழுத்தால் கழலும் ஓர் இணைப்பு வையுங்கள். இப்போது எங்கள் பெட்டிக்கு வெளியே ஒரு நைலோன் கயிறு தொங்குகிறது, இழுத்தால் அந்த இணைப்பு பிடுங்கிக்கொண்டு வரும். மேசையில் இருக்கும்போது பட்டைக்குக் குறுக்கே ஒரு கம்பி செருகியே இருக்க வேண்டும்.

வேகத்தை எப்படி அளந்தீர்கள்? கருவி இருக்கிறதா? (கொட்டகலை)

போன்தான். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்று போதும். இரண்டு நுனியும் காற்றை அடிப்பதால் 200 ஹேர்ட்ஸ் காட்டினால் 100 சுற்று, நிமிடத்துக்கு 6000.

நுவரெலியாக் குளிரில் லிப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரி சோர்ந்துவிடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா? (நுவரெலியா)

ஐயோ, வேண்டாம். குளிரில் உள்தடை கூடி, வோல்ட் சட்டென்று இறங்குவது உண்மைதான். வீட்டுக்குள் துணியில் சுற்றி வைத்து, ஓட்டுவதற்கு முன் எடுங்கள், அது போதும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, 3.3க்குக் கீழே நான் விடுவதில்லை, சும்மா வைக்கும்போது 3.8. ஊதிப்போன பெட்டரியைக் குத்திப் பார்க்கும் ஆசை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல்.

உடம்பை எதில் செய்தீர்கள்?

சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. அடிபட்டால் உடையாமல் வாங்கிக்கொள்ளும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

என் மகளுக்கு 14 வயது, இதே மாதிரி செய்ய வேண்டும் என்று நிற்கிறாள். விடலாமா? (பொகவந்தலாவை)

விடுங்கள் அக்கா, ஆனால் இதே மாதிரி வேண்டாம். முதலில் ஆயுதமில்லாமல், முன்னால் சரிவுத் தகடு வைத்துத் தள்ளும் ரோபோ. சாலிடர் பிடிக்கவும், ஓட்டவும், அடிபட்டதைத் திருத்தவும் அதிலேயே பழகலாம். சுழல் ஆயுதம் பிறகு, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். கண்ணாடி முதல் நாளிலிருந்தே போட வேண்டும், சாலிடர் தெறிப்பும் கண்ணுக்குத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியில் ஆயுதம் சுற்றியது, ரோபோ மட்டும் அசையவே இல்லையே? (வட்டவளை)

கவனித்துவிட்டீர்களா! இடது சக்கர மோட்டரின் வயர் சாலிடரோடு கழன்றுவிட்டது, வலது சக்கரம் ஒன்றுதான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஆயுதத்தின் அதிர்வு. அந்த இடத்தில் சிலிக்கன் பசை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு மின்சாரம் போய்விட்டது, மெழுகுதிரி வெளிச்சத்தில் வலது பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.