பட்டன் ஸ்டார்ட் பழைய கார் வாங்குவதற்கு முன் சாவியை எண்ணுங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சாவி நுழைக்காமல் பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்கிற மாடல். இந்த வகைக் கார்களைச் சாவியே இல்லாமல் திருடிவிடுகிறார்கள் என்கிறார்களே, வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதற்கு முன்னால், "இந்தக் காருக்கு மொத்தம் எத்தனை சாவி, எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். எங்கள் குடும்பம் இதைக் கேட்காமல் ஒரு காரையே பறிகொடுத்தது.

எங்களுக்கு வட சென்னையில் தண்டையார்பேட்டை. 2021இல் என் தங்கையின் கணவர் நகையை அடகு வைத்து, ஐந்து வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கினார். விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, அதற்காகப் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். கூடப் போயிருந்த நானும் சரியென்று தலையாட்டினேன்.

நாலரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாசலில் கார் இல்லை. எதிர் வீட்டு கேமராவில் ஒரு ஆள் நடந்து வருவதும், கதவைத் திறப்பதும், ஓட்டிக்கொண்டு போவதும் தெரிந்தது. மொத்தமே ஒரு நிமிடம்தான். கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. சிக்னலைப் பிடித்துத் திறக்கிற கருவி வைத்திருப்பான் என்றுதான் தெருவே சொன்னது. மாதவரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கார் எலக்ட்ரீஷியன் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். ஆள் பத்தடி தள்ளி வரும்போதே இண்டிகேட்டர் இரண்டு முறை மின்னுவதை நிறுத்திக் காட்டினார். "கருவி வச்சுத் திறந்தா கைப்பிடியைத் தொட்ட அப்புறம்தான் மின்னும் தம்பி. இவன் தூரத்துலயே பட்டனை அழுத்திட்டான். சாவி அவன் கையிலதான் இருக்கு."

தொலைந்ததாகச் சொன்ன அந்தச் சாவி யார் கையில் இருந்தது என்று இன்று வரை நிரூபிக்க முடியவில்லை. கார் கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டதே இரண்டு சாவியையும்தான். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதைவிடப் பெரிய அடி வேறு. ஆர்சியை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, மாப்பிள்ளை தன் பெயருக்கு மாற்றிவிட்டார், ஆனால் பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தது. விபத்தில் மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பு மட்டும்தான் வண்டியோடு சேர்ந்து தானாக நம்மிடம் வரும். நம் வண்டி திருடு போனால் கிடைக்கும் பணத்துக்கு, பாலிசி நம் பெயரில் இருந்தாக வேண்டும். 1996லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இல்லாத காருக்காக வைத்த நகையை மீட்க இரண்டு வருடம் ஆனது. நீங்கள் ஆர்சி மாற்ற எழுதிக் கொடுக்கிற அன்றே பாலிசி மாற்றவும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, சாவியே இல்லாமல் திருடுகிறார்கள் என்று கேட்டீர்களே, அந்தக் கருவிக்கு வருகிறேன். அதுவும் கட்டுக்கதை இல்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில் சாவியைக் கூப்பிடும். அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி அதைக் கேட்டால் பதில் அனுப்பும், கதவு திறக்கும். திருடர்கள் இரண்டு பேராக வருவார்கள். ஒருவன் காரின் பக்கத்தில் நிற்க, மற்றவன் உங்கள் வாசல் கதவருகே ஒரு ஆன்டெனாவோடு நிற்பான். காரின் குரலை வாங்கி வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. சாவி பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு கார் கிளம்பிவிடும். சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011இலேயே எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பத்தும் திறந்தன. கார் தள்ளிப் போனதும் இன்ஜின் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஓடுகிற வண்டி நடுரோட்டில் நிற்கக் கூடாது என்பதற்காக, சாவி இல்லை என்று எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓடும்.

வட சென்னைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை சந்துகளில் காம்பவுண்டு ஏது, போர்ட்டிகோ ஏது? வாசற்படியை இறங்கினால் தெரு, தெருவிலேயே கார். சாவியோ கதவைத் திறந்ததும் இருக்கும் ஆணியில், சாமி படத்துக்குக் கீழே தொங்கும். வெளியே நிற்பவனுக்கும் அந்த ஆணிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சாவியை வீட்டின் கடைசி அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சிக்னலைத் தடுக்கும் பை ஆன்லைனில் கிடைக்கிறது. நாங்கள் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போடுகிறோம். எதில் போட்டாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்தப் பையோ டப்பாவோ உதவாது. பை மடிப்பில் நைந்துபோகும், அதனால் சில மாதங்களுக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். இரண்டாவது சாவியையும் இதே போல வையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சில மாடல்களில் சாவியைக் கையில் எடுக்காமலே திறக்கும் வசதியையே அணைத்து வைக்கலாம், கையேட்டில் இருக்கும்.

திருடர்களுக்கு இன்னொரு வழி ஓபிடி சாக்கெட். ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற இடம் அது. சின்னக் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், அதில் கருவியை மாட்டிப் புதுச் சாவியைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். டெல்லிப் பக்கம் பிடிபட்ட கும்பல்களிடம் இந்தக் கருவிகளைக் கைப்பற்றியதாகப் பல முறை செய்தி வந்திருக்கிறது. இதற்கு டப்பா உதவாது. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு உதவும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றையும் மறைவாக வைக்கலாம்.

இப்படித் திருடிய கார் கடைசியில் எங்கே போகிறது? உதிரி பாகமாகப் பிரிக்காவிட்டால், நம்மைப் போல பழைய கார் தேடுகிற ஒருவரிடம்தான் வரும். விபத்தில் நொறுங்கி, காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் என்று கழித்த காரை ஏலத்தில் எடுப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அதன் ஆர்சியும், காரின் உடற்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணும்தான். அதே மாடல், அதே நிறத்தில் திருடிய காரின் எண்ணைத் தேய்த்துவிட்டு இந்த எண்ணைக் குத்திவிடுவார்கள். வண்டி விவரம் காட்டும் ஆப்பில் பதிவெண்ணைப் போட்டால் எல்லாம் சரியாகவே காட்டும்.

அதனால் ஆப்போடு நிறுத்தாதீர்கள். சேசிஸில் குத்தியிருக்கும் 17 இலக்க எண்ணை டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். அந்த 17இல் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே கூடாது. அப்புறம் ஸ்கேனர் மாட்டி, காரின் கணினிக்குள் பதிந்திருக்கும் சேசிஸ் எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். இரும்பைத் தேய்க்கிறவன் எல்லா நேரமும் அதையும் மாற்றுவதில்லை. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். 2018இல் செய்த காரில் 2020 பெல்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள். பெரிய விபத்தோடு பதிவு நின்றுபோன கார் உங்கள் முன்னால் கீறல் இல்லாமல் நிற்கிறது என்றால், அது அந்தக் கார்தானா என்று சந்தேகப்படுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் திருட்டுப் புகார் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். தெரியாமல் வாங்கினேன் என்று நீங்கள் நிரூபித்தாலும் கார் போலீஸிடம் போய்விடும், கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

ஆர்சியில் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். ஓனரிடம் நேராக வாங்கினால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே உங்கள் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை டீலர் நீட்டினால் வாங்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லலாம். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திரப் பதிவெண் கார்கள் மலிவாக வரும். அங்கிருந்து என்ஓசி வாங்குவதையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் காரென்றால் வெள்ளத்தையும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்யும் சேர்ந்து வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் தங்கும். ஸ்டெப்னி இருக்கும் குழி, சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, எல்லாவற்றையும் பாருங்கள். அடிப்பாகத்து இடுக்குகளில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தால் எந்தத் தெருவில் நின்ற கார் என்று கேளுங்கள். பட்டன் ஸ்டார்ட் காரில் எல்லாமே வயரிங்தான். நீர் புகுந்த கனெக்டர் உடனே கெடாது, ஒரு வருடம் கழித்து உப்புப் பூத்துக் கெடும்.

போன வருடம் மாப்பிள்ளை மறுபடி ஒரு பழைய கார் வாங்கினார். இந்த முறை இரண்டு சாவியும் கிடைத்தன, விற்றவரும் நல்ல மனிதர். இருந்தாலும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக மாதவரம் எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். ஸ்கேனரில் மூன்று சாவி பதிவாகியிருப்பதாகக் காட்டியது. விற்றவருக்கு போன் செய்தோம். தனக்கு முந்தைய ஓனரும் இரண்டுதான் கொடுத்தார், மூன்றாவது இருப்பதே தெரியாது என்றார், குரலிலேயே பதறிப்போனது தெரிந்தது. பதிவு மொத்தத்தையும் அழித்துவிட்டு, எங்கள் கையில் இருந்த இரண்டை மட்டும் மறுபடி சேர்த்தார் எலக்ட்ரீஷியன். இருபது நிமிட வேலை. அவர் முடிக்கும் வரை என் தங்கை கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.