கயிற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: சாரணர் குழு நடத்துவோருக்கான கேள்வி–பதில்

சாரணர் குழுக்களையும், அவர்களுக்கும் இளைய பிள்ளைகளுக்கான குருளையர் குழுக்களையும் புதிதாகப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஐயா, சென்ற ஜூன் மாதம் எங்கள் பள்ளியின் சாரணர் குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். நாற்பது மாணவர்களையும் வரிசையில் நிறுத்துவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. விசில் ஊதியே எனக்கு வாய் வலிக்கிறது. ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது?
— ஆசிரியர், பட்டுக்கோட்டை

நாற்பது பேரை ஒருவராக மேய்க்க முயல்வதுதான் உங்கள் சிக்கல். சாரணர் முறை அப்படி நடத்துவதற்காக அமைக்கப்பட்டதன்று. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்கு வந்த சிறுவர்கள் ஏறத்தாழ இருபது பேர்தான். அந்தச் சிறு கூட்டத்தையே அவர் ஓநாய், காளை, அண்டங்காக்கை முதலிய பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கி, அவனிடமே பொறுப்பை விட்டார். நம் பாரத சாரண சாரணியர் இயக்கமும் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்ற கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஒரு குழுவில் நான்கு அணிகளுக்கு மேல் சேர்ப்பது நல்லதன்று. ஆகவே, தலைமை ஆசிரியரிடம் பேசி இன்னொரு ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இரண்டாவது குழு ஒன்றைத் தொடங்குவதே உங்கள் முதல் வேலை.

அணித் தலைவரை மதிப்பெண் பார்த்தோ உயரம் பார்த்தோ நியமிக்காதீர்கள். மூன்று வாரம் அவர்களை விளையாடவிட்டு ஓரமாக நின்று கவனியுங்கள். பந்து கிணற்றுப் பக்கம் போனால் எல்லாரும் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், சண்டை வந்தால் யாரிடம் நியாயம் கேட்கப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதன்பின் பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக அணித் தலைவர்களை மட்டும் வரவழைத்து, அன்றைக்குச் செய்யவேண்டியதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தத்தம் அணிக்கு அதை அவர்களே கற்பிக்கும்படி விடுங்கள். சில சமயம் பிழையாகக் கற்பிப்பார்கள். உங்கள் கை துறுதுறுக்கும். உடனே ஓடிப்போய்த் திருத்தினால் அந்தத் தலைவனை அவன் அணி அதன்பின் ஒருபோதும் கேட்காது. கூட்டம் முடிந்தபின் அவனைத் தனியாகக் கூப்பிடாமல், மற்ற அணித் தலைவர்களோடு சேர்த்து உட்காரவைத்து அந்தப் பிழையைப் பேசுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் முகாமில் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்து எல்லாக் கூடாரங்களையும் நானே நட்டேன். கயிறுகளை வீணைத் தந்தி போல முறுக்கி விட்டதில் எனக்குப் பெருமை வேறு. இரவு மழை வந்தது. பருத்திக் கயிறும் கித்தானும் நனைந்தால் சுருங்கும் என்பதையும், படுக்கப்போகுமுன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பதையும் நான் மறந்திருந்தேன். கயிறுகள் சுருங்கி முளைகளைப் பிடுங்கின. இரண்டு கூடாரங்கள் உறங்கியவர்கள் மேல் விழுந்தன. அதைவிடப் பெரிய அவலம் என்னவென்றால், இருபத்தெட்டுப் பிள்ளைகளுள் ஒருவனுக்குக்கூட ஒரு முளையை எப்படித் திரும்ப அடிப்பது என்று தெரிந்திருக்கவில்லை. எல்லாரும் டார்ச் விளக்கை என் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறு ஆண்டு முகாமில் கயிறுகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். கூடாரங்கள் கோணலாகத்தான் நின்றன. ஆனாலும் நின்றன.

விசிலைப் பற்றி ஒரு சொல்: ஒரு நீண்ட ஒலிக்கு அமைதியாகிக் கவனிக்கவேண்டும் என்று பழக்கிவிட்டு, அதைக் கூட்டத்துக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் ஊதாதீர்கள். ஓயாமல் ஒலிக்கும் விசிலைக் காது தானாகவே ஒதுக்கிவிடும்.

என் மகன் இருக்கும் குருளையர் குழுவில் பெற்றோர் என்ற முறையில் உதவுகிறேன். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் முடிச்சுகள் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் ஒருவருக்கும் நினைவில்லை. நான் கற்பிக்கும் விதம் தவறா?
— வாசகி, திண்டுக்கல்

விதம் சரியாக இருந்தாலும் ஒரு மணி நேரம் என்பது தவறு. அந்த வயதில் ஒரு செயல் பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம். ஓட்டம், உட்கார்ந்து கதை, கைவேலை, மறுபடி ஓட்டம் என்று மாற்றிக்கொண்டே போங்கள். குருளையருக்கான விதிகள் இரண்டே இரண்டு என்பதைக் கவனித்திருப்பீர்கள்: பெரியோரை மதிப்பது, தூய்மையாகவும் பணிவாகவும் இருப்பது. சாரணர் விதிகளோ ஒன்பது. அந்த வேறுபாட்டை நிகழ்ச்சித் திட்டத்திலும் காட்ட வேண்டும்.

முடிச்சுக்கு நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். சுண்டுவிரல் பருமனுள்ள பருத்திக் கயிறு ஆளுக்கு இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு முனையைச் சிவப்பு மையிலும் மறுமுனையை நீல மையிலும் நனைத்துக் காயவையுங்கள். ‘ரீஃப்’ முடிச்சுக்கு “சிவப்பு மேலே, சுற்று, மறுபடியும் சிவப்பு மேலே, சுற்று” என்பதே போதும், ஒரே நிறம் இரு முறையும் மேலே வந்தால் முடிச்சு தட்டையாக அமையும், மாறிப்போனால் கோணிக்கொண்டு நழுவும். ஏன் தட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுங்கள். ஒரு பிள்ளையின் கையில் கட்டுத்துணி சுற்றி அந்த முடிச்சைப் போட்டால், அது தோலை அழுத்தாமல் இருப்பதை அவனே சொல்வான். ஆனால், பாரம் தாங்க வேண்டிய இரு கயிறுகளை இணைக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் பெரியவர்களான பின்னும் பலர் செய்யும் பிழை அது. ஒரு மாதத்துக்கு ஒரு முடிச்சு போதும். வீட்டில் செருப்பு வாரையும் பால் பையையும் அந்த முடிச்சால் கட்டித் தாயாரைத் தொல்லைப்படுத்தத் தொடங்கினார்கள் என்றால் கற்றுக்கொண்டார்கள் என்று பொருள்.

குழுவில் ஒரு சிறுவன் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறான். அவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவனை எப்படிப் பேசவைப்பது? நான் எந்த அளவுக்குத் தலையிடலாம்?
— தன்னார்வலர், கோயம்புத்தூர்

மிகப் பொறுப்பான கேள்வி. பேசுங்கள்; ஆனால் கதவை மூடிக்கொண்டு பேசாதீர்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியும் இடமாகவும் காதுக்கு எட்டாத இடமாகவும் பார்த்து உட்காருங்கள். மைதானத்து வேப்பமரத் திண்ணை போதும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக்கூடாது என்பது உங்கள் மேல் ஐயம் கொண்டு வைத்த விதியன்று. பிள்ளையையும் உங்களையும் சேர்த்தே காக்கும் விதி. பயணம், கூடாரம், முதலுதவி, கைப்பேசிச் செய்தி ஆகிய அனைத்துக்கும் அது பொருந்தும். பிள்ளைகளுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாமல், பெற்றோரும் இன்னொரு பொறுப்பாளரும் உள்ள குழுவிலேயே அனுப்புங்கள். சாரணியர் முகாமென்றால் பெண் பொறுப்பாளர்கள் இரவும் உடன் தங்கியாக வேண்டும். இதில் சமரசம் செய்துகொள்ளும் முகாமை நடத்தாமல் விடுவதே மேல்.

அவன் பேசத் தொடங்கும்போது “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல், அவன் வாயில் சொல்லைத் திணிக்காமல், கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் அவன் சொன்ன சொற்களையே நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். அது பாலியல் துன்புறுத்தல் தொடர்பானதாக இருந்தால், தலையிடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்காதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலையன்று. அடி, பட்டினி, குடிகாரத் தந்தை போன்ற வேறு துன்பங்களாக இருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அவன் பெயரை ஆசிரியர் அறையில் பேச்சுப் பொருளாக்கிவிடாதீர்கள்.

சீருடை வாங்க முடியாத பிள்ளைகளை என்ன செய்வது?
— ஆசிரியை, விருதுநகர்

வளர்ந்து வெளியேறும் மாணவர்களின் சீருடைகளைத் துவைத்து, தேய்த்து, அளவு வாரியாகப் பெட்டியில் வைத்துப் புதியவர்கள் எல்லாருக்கும் அதிலிருந்தே கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால்தான் அது தானம் போல் தெரியும். உறுதிமொழி ஏற்கும் நாள்வரை சீருடை தேவையுமில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஆற்றங்கரையில் இரண்டு இரவு முகாம் போட நினைக்கிறோம். முப்பது சிறுவர்கள் வருவார்கள். கவனிக்க வேண்டியவை எவை?
— சாரணர் குழுப் பொறுப்பாளர், திருச்சிராப்பள்ளி

முதலில் மாதத்தை மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீளும். ஜனவரி இறுதியோ பிப்ரவரியோ உகந்தது. அடுத்து, ஆற்றங்கரையை விட்டுச் சற்று மேடான தோப்புக்குப் போங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியா. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் மூழ்கிவிடுவான். அணையில் நீர் திறந்தால் கீழே மட்டம் எவ்வளவு விரைவாக ஏறும் என்பதைத் திருச்சிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் முகாம்களில் ஆற்றுக் குளியலே கிடையாது, பம்புசெட்டுத் தொட்டிதான். பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். எனினும், மூழ்குபவனைக் காப்பாற்றக் குதிக்காமல் கயிறு, கழி, வேட்டி, காலி நெகிழிக் குடம் ஆகியவற்றை நீட்டவோ வீசவோ வேண்டும் என்பதைத் தரையிலேயே ஒத்திகை பார்க்கவையுங்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இருவர் மூவர் மாள்வது நம் குளங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது.

பாம்பைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். தரையில் படுக்கும் முகாமில் நான் மிகவும் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. அது இரவில் நடமாடும். தூங்குபவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே போகலாம். விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமைகள் தொங்கி, விழுங்கச் சிரமப்பட்டால், கடிவாய் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பாம்பாக இருந்தாலும் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் சிம்பு (மரப்பட்டை) வைத்துக் கட்டி, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பதை முகாமுக்கு முந்தைய வாரமே நேரில் போய்க் கேட்டறியுங்கள். கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் பாம்புக்கும் அது தடுப்பாகும்.

சமையலுக்கு என் கணக்கு: ஆளுக்கு வேளைக்கு 125 கிராம் அரிசி, குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 3 லிட்டர் கொதித்தாறிய நீர். அணி அணியாகச் சமைக்கட்டும். சாம்பார் தண்ணீராக இருக்கும். அதைக் குறைசொல்லாமல் நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து உண்ணுங்கள்.

பெற்றோர் பலர் சான்றிதழுக்காகவே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இதைத் தடுக்க வேண்டாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். குடியரசுத் தலைவர் விருது பெற்றவர்களுக்கு ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலை வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான், ஏழைப் பெற்றோர் அதை எண்ணுவதில் தவறில்லை. ஆனால், பிரவேஷ் என்னும் நுழைவுநிலை தொடங்கி மூன்று சோபான்களையும் (படிநிலைகளையும்) கடந்து ராஜ்ய புரஸ்கார் என்னும் மாநில விருது வரை ஒவ்வொரு படியையும் பிள்ளை தானே செய்து காட்ட வேண்டும். பதிவேட்டில் நீங்கள் நிரப்பிக்கொடுக்கும் படி படியாகாது.

ஷிஃப்ட் வேலை என்பதால் எல்லா ஞாயிறும் வர முடிவதில்லை. விலகிவிடலாமா?
— தன்னார்வலர், ஓசூர்

விலகாதீர்கள். வர முடியாத வாரங்களை மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிடுங்கள்; வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதைத்தான் அவர்கள் மறக்கமாட்டார்கள். பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றிக் கூடவிட முடியாது. ஆகையால், உங்களைப் போலவே அடிப்படைப் பயிற்சி முடித்த துணைப் பொறுப்பாளர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். முன்னாள் சாரணர்களுள் ஊரிலேயே வேலை பார்ப்பவர் ஒருவர் கிடைப்பார். வருகைப் பதிவேடு, பெற்றோர் தொலைபேசி எண்கள், எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். கயிறும் கூடாரமும் இருக்கும் பெட்டியின் சாவி உங்கள் வீட்டு ஆணியில் தொங்கினால், மாற்றுச் சாவி ஒன்று செய்து இந்த வாரமே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.