காது குடையக் காசு எதற்கு?

கே: பிளாஸ்டிக்கை விட்டு மூங்கில் பட்ஸுக்கு மாறிவிட்டேன். காதுக்கு நல்லதுதானே?

மண்ணுக்கு நல்லது. பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. காதுக்கு இரண்டும் ஒரே குச்சிதான்.

கே: தினமும் குளித்ததும் பட்ஸ் போடுவேன். அப்படியும் ஒரு மாதமாக வலது காது அடைத்தே இருக்கிறது. எந்த பிராண்டு வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். அடைப்புக்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம். குறும்பி அழுக்கு இல்லை. தூசியைப் பிடித்து, கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் தடுக்கிற மெழுகு. காதுக் குழாயின் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்வதால் அது தானாகவே வாசலுக்கு வந்துவிடும். அங்கே ஈரத்துணியால் துடைத்தால் போதும். குச்சியை விட்டால் பஞ்சில் ஒட்டுவது கொஞ்சம், மீதி உள்ளே தள்ளப்பட்டு இறுகிவிடும். அந்தக் குழாயின் நீளமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் முடிவில் செவிப்பறை.

எனக்குப் பல வருடங்களாக ஆறாத கோபம் ஒன்று உண்டு. பெயரே இயர் பட்ஸ். என் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், எறும்பு அளவு எழுத்தில் ‘காதுக் குழாய்க்குள் விடாதீர்கள்’ என்றிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். காதுக்குள் விடக்கூடாத பொருளைக் காதின் பெயர் சொல்லி விற்கலாமா? அந்த எச்சரிக்கை முன்பக்கம் பெரிதாக வரவேண்டும்.

கே: ஸ்பாவில் 1,200 ரூபாய்க்குக் காதில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அடியில் தங்கிய மஞ்சள் கட்டியைக் காட்டி, ‘எல்லாம் உங்கள் காது அழுக்கு’ என்றார்கள்.

உங்களை ஏமாற்றிவிட்டார்கள் அம்மா. அது மெழுகுவர்த்தியின் மெழுகு; காதில் வைக்காமல் கொளுத்தினாலும் அதே கட்டி வரும். தீக்காயம், செவிப்பறை ஓட்டை என்று ஆபத்துகள் இருப்பதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே எச்சரித்தது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கே: ஸ்டார் பார்த்து ஆன்லைனில் கேமரா வைத்த காதுக் குச்சி வாங்கினேன். இரண்டே நாளில் கெட்டுப்போச்சு. பில்லை அழித்துவிட்டேன்.

பில்லை ஏன் அழித்தீர்கள்? எத்தனை முறைதான் சொல்வது! ஆர்டர் பக்கத்தில் தேடுங்கள், அங்கே இருக்கும். அந்தக் குச்சியை நானும் வாங்கினேன். அதன் ரப்பர் முனை கழன்று காதிலேயே தங்கிவிட்டது. டாக்டர் இடுக்கி வைத்து எடுக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பணம் திரும்ப வந்தாலும் இன்னொன்று வாங்காதீர்கள்.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை. வண்டிச் சாவியால் காது குடைவார். இப்போது நீர் வடிகிறது, ராத்திரியெல்லாம் வலி. என்ன சொட்டு மருந்து வாங்கலாம்?

கடைக்குப் போகாதீர்கள். இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று எலும்பு வரை இறங்கலாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகளே கேட்கும் திறனைக் கெடுத்துவிடும். சர்க்கரை இருப்பதையும் சாவி விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.